செவ்வாயில் உறைந்த தயிர்

நாள் 212 | 07:10
நிலையத்தில் இருவர். நுண்ணுயிரியலாளர் நறுமுகை ஆகிய நான், வயது 29. நிலவியலாளர் செபஸ்தியான், 53, தூத்துக்குடிக்காரர். காற்றழுத்தம் சரி. உணவு வழக்கம்போல் கதிர்வீச்சில் கிருமி நீக்கிய பொட்டலங்கள்.
மாதப் பரிசோதனை முடிந்தது. புறப்பட்டபோது என் குடலில் 310 வகை நுண்ணுயிர்கள். இன்று 74. அவருக்கு 241. ரத்தம் காட்டும் உடல் வயது: எனக்கு 41, அவருக்கு 48. கருவிப் பிழை என்று மீண்டும் ஓட்டினேன். பிழை இல்லை.

நாள் 215 | 11:40
பாறை மாதிரிப் பெட்டிகளுக்குப் பின்னால் மூடிய பாத்திரம். உள்ளே தயிர். வெளியே வேலையில் இருந்தவரிடம் ரேடியோவில் கேட்டேன்.
"காஞ்ச மிளகாய்க் காம்ப வெதுவெதுப்பான பால்ல போட்டா உறையும், பிள்ள. உறைமோர் இல்லன்னா எங்கம்மா அதத்தான் செய்வா. சாக்ஸுக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தேன்."
பொட்டலக் கடலையைத் தோலோடு அதில் ஊறவைத்துத் தினமும் தின்றிருக்கிறார். விதிமீறல். பாத்திரத்தை நீராவியில் வைத்தேன், 121 டிகிரி, இருபது நிமிடம்.
"கொன்னுட்டியே, மகராசி!" என்று சிரித்தார்.
அவருடைய 241 எனக்கு நினைவு வந்தது பாத்திரம் ஆறிய பிறகுதான்.

நாள் 239 | 09:25
செபஸ்தியானுக்குப் பல்லில் சீழ். ஆன்டிபயாடிக் பத்து நாள். வேறு வழியில்லை.

நாள் 251 | 14:00
சீழ் போய்விட்டது. குடலில் மற்றவையும் போய்விட்டன. மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி காலி இடத்தை நிரப்பிக்கொண்டது. காய்ச்சல் 39.4. தனியறையில் இருக்கிறார். மீட்புக் கலம் வர 160 நாள்.
பூமியின் செய்தி: "ஆரோக்கியமான ஒருவரின் குடல் நுண்ணுயிர்களை அவருக்குச் செலுத்தவும்."
இங்கே இருப்பது நான் ஒருத்திதான். என்னிடம் இப்போது 52. கொடுக்க ஒன்றும் இல்லை.

நாள் 253 | 10:30
சுத்தம் சோறு போடும் என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருந்தது. நம்பி வளர்ந்தேன்.
அவருடைய சாக்ஸை உதறினேன். ஒரே ஒரு காம்பு. பாலில் போட்டு வெந்நீர்க் குழாயருகே வைத்திருக்கிறேன். தயிர் இந்தக் கட்டத்தில் அவரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தெரியும். இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர், நான் தெரிந்தேதான் செய்தேன் என்று குறித்துக்கொள்ளவும்.
அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நாள் 254 | 06:05
பாத்திரத்தைச் சாய்த்தேன். பால் ஓடியது.
தனியறையிலிருந்து குரல். "ஒறஞ்சிட்டா, பிள்ள?"
"ஒறஞ்சிட்டு, அண்ணாச்சி. கட்டித் தயிர்."
"பாத்தியா, எங்கம்மா கைப்பக்குவம்! ஒரு கரண்டி கொண்டா. பசிக்கு."
ஐந்து நாளில் முதல்முறையாகப் பசிக்கிறது என்கிறார். கரண்டியை எடுத்துவிட்டேன். கதவுக்கு வெளியே நிற்கிறேன்.