உன் கோப்பின் ஏழாவது தாள்

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. நம் ஊர் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்று தன் பொருட்களுக்கு ஒரு படப்புத்தகம் அச்சடிக்கக் கேட்டு, மாதிரிக்குக் கோப்பைகளும் பொம்மைகளும் அனுப்பியிருந்தது. ஆணிகளைப் பிடுங்கி மூடியைத் திறந்ததும், வைக்கோலும் களிமண் தூசியும் கலந்த, நம் பழைய கொட்டகையின் வாசனை எழுந்தது. பக்கத்து மேசைப் பெண் தும்மினாள். நான் மூடியை அப்படியே சாத்திவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நாம் இருவரும் பொம்மைக்கு வண்ணம் பூசும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தோம். பொம்மையின் சேலையும் பூவும் என் பங்கு. கண் எழுதுவது உன் பங்கு. மெல்லிய தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்து, கடைசியில் லேசாக அழுத்தி எடுப்பாய். கோட்டின் முனையில் ஒரு சொட்டு தேங்கி நிற்கும். அந்தச் சொட்டில்தான் பொம்மைக்குப் பார்வை வரும். மற்றவர்கள் எழுதிய கண்கள் வெறுமனே திறந்திருக்கும், அவ்வளவுதான்.

சாயங்காலம் வேலை விட்டதும் பாலக்கரைப் பக்கம் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு நடப்போம். செல்போன் நம் தெருவுக்கு வந்திராத வருஷங்கள். கம்ப்யூட்டரில் அச்சுக்கு வடிவமைக்கும் டிடிபி கற்றால் ஊரிலேயே ஒரு கடை போடலாம் என்பதுதான் நம் கணக்கு. எனக்கு கீபோர்டு சீக்கிரம் படிந்தது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு என்று எது கொடுத்தாலும், சிடியில் ஆயத்தமாக வரும் பூப்படங்களை நான்கு மூலையிலும் ஒட்டி அரை மணியில் முடித்துவிடுவேன். நீ அப்படி இல்லை. கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்துகளைப் பார்த்து, எல்லாம் ஒரே சூளையில் வெந்த மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிப்பாய். உனக்கு வேண்டிய எழுத்தைத் தாளில் நீயே தூரிகையால் எழுதினாய். கற்பூர டப்பா, முறுக்குப் பொட்டலம், ஊறுகாய்ப் புட்டி என்று யாரும் கேட்காத பொருட்களுக்கெல்லாம் அட்டை வரைந்து ஒரு கோப்பில் சேர்த்துவைத்தாய்.

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது, வரைந்தவற்றைக் கொண்டுவர வேண்டும் என்று பேப்பரில் வந்த விளம்பரத்தை வெட்டிக்கொண்டு வந்ததும் நீதான். இருவரும் போவதாக இருந்தோம். அதே நாளில் உன்னைப் பெண் பார்க்க சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறார்கள் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். நீ அழவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து போகட்டும், ஆனால் சென்னையிலிருந்து பதில் தெரிந்த பிறகுதான் சம்மதம் சொல்வேன் என்று அவரிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினாய். நான் கிளம்பிய காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஜங்ஷனுக்கே வந்துவிட்டாய்.

"என்னுதையும் காட்டுடி. கேட்டா ஃப்ரெண்டு பண்ணதுன்னு சொல்லு. அடுத்த வாரம் நானே வரேன்னு சொல்லு" என்று உன் கோப்பை ரயில் ஜன்னல் வழியாகக் கொடுத்தாய்.

அங்கே ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் நிறுவனத்தின் மேலாளர் இருந்தார். என் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரித் தள்ளிக்கொண்டே போனார். அந்தப் பூக்கள் எந்த சிடியில் வந்தவை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எழுந்துகொள்ளலாமா என்று யோசித்தபோது, அடியில் இருந்த உன் கோப்பைத் தானே இழுத்துத் திறந்தார். மெதுவாகப் புரட்டினார். ஏழாவது தாளில் கை நின்றது. பழுப்பும் வெள்ளையுமாக ஒரு ஊறுகாய் ஜாடி, அதன் வயிற்றில் 'மாங்காய்' என்று நீ எழுதிய எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் அந்தச் சொட்டு.

"இது நீங்க பண்ணதாம்மா?"

"ஆமா சார்."

இத்தனை வருடமாக அந்த இரண்டு வார்த்தைகளுக்கு ஒரு காரணம் தேடுகிறேன். பயம் என்று சொல்லலாம், வெறுங்கையோடு கொட்டகைக்குத் திரும்ப மனமில்லை என்று சொல்லலாம். உண்மையில் அந்த நொடியில் நான் எதையும் யோசிக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. அவர் அந்தத் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் கொட்டகைக்கு வந்தபோது நீ பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாய். எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். தூரிகையைக் கீழே வைக்காமலே என் தோளில் தலையை முட்டிச் சிரித்தாய். பிறகுதான் கேட்டாய்.

"என்னுதைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல."

நீ அந்தப் பொம்மையின் இரண்டாவது கண்ணை எழுதி முடித்தாய். பொம்மையைப் பலகையில் வைத்துவிட்டு, "அப்ப சரி. எங்கப்பாகிட்ட சரின்னு சொல்லிடறேன்" என்றாய். நான் கோப்பைக் கொடுத்தேன். அதில் ஒரு தாள் குறைந்திருந்தது. என் முன்னால் நீ அதைத் திறக்கவில்லை.

சென்னையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை எது தெரியுமா? அந்தத் தாளை ஸ்கேன் செய்து, உன் எழுத்தைக் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்துத் திரும்ப வரைவது. ஒரு ஊறுகாய் கம்பெனிக்கு அது பிடித்துப்போயிருந்தது. மூன்று நாட்கள் உன் எழுத்தின் ஓரத்திலேயே நகர்ந்தேன். 'மா'வின் வளைவு எங்கே தடிக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, சொட்டு எவ்வளவு தூரத்துக்கு முன்பே உருவாகத் தொடங்குகிறது என்று அப்போதுதான் கண்டேன். எழுத்து என்றால் என்ன, இடைவெளி என்றால் என்ன என்பதெல்லாம் எனக்கு அங்கே புரிந்தது. அதன் பிறகு நானாகச் செய்தவை நிறைய. நல்ல வேலைகளும் உண்டு. ஆனால் நான் இந்தத் தொழிலுக்குள் வந்த வழி அதுதான்.

உன் கல்யாணத்துக்கு வந்தேன். பத்திரிகைகூட நான்தான் செய்தேன். சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் முடிவெடுப்பேன். நீ உன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாய், நான் வேறு எதையோ பேசிவிட்டு பஸ் ஏறுவேன். ஒருமுறை டெலிபோன் பூத்திலிருந்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டாய். கடையில் ஒரு ஊறுகாய்ப் புட்டி பார்த்ததாகவும், அந்த லேபிள் நான் செய்ததா என்றும் கேட்டாய். எங்கள் அலுவலகத்தில் செய்தது என்று சொன்னேன். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"எழுத்து நல்லா இருக்குதுடி" என்றாய். பிறகு மகளுக்கு அம்மை போட்டிருந்ததைப் பற்றிப் பேசினாய்.

உனக்கு மஞ்சள் காமாலை வந்ததோ, புதுச்சேரிக்குக் கொண்டுபோனதோ எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து உன் கணவர் கூப்பிட்டார். அவர் உன் நோட்டில் என் நம்பரைத் தேடிக் கண்டுபிடிக்க அத்தனை நாள் ஆகியிருந்தது. "காரியத்துக்குப் போஸ்டர் அடிக்கணுங்க. நீங்க அந்த வேலையிலதான் இருக்கீங்கன்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார்.

கண்ணீர் அஞ்சலி என்று மேலே வைத்தேன். அவர் அனுப்பிய படத்தில் நீ வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாய். உன் பெயரைக் கம்ப்யூட்டர் எழுத்தில் அடித்துப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. பழைய ஊறுகாய் லேபிளின் ஃபைலைத் திறந்து, அதிலிருந்த உன் எழுத்துகளை எடுத்தேன். உன் பெயருக்கு வேண்டிய மற்ற எழுத்துகள் அதில் இல்லை. உன் கை எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்து அவற்றை நானே வரைந்தேன். முனையில் சொட்டு வைத்தேன். நான் வரைந்த சொட்டுகள் உன்னுடையவை போல் வரவில்லை.

பதினாறாம் நாள் சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிர்ச் சுவரில் நீ. பசை இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு கிழவர் உன் படத்தைப் பார்த்து "சின்னப் பொண்ணா இருக்குதே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு உன் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சமையலறை அலமாரியிலிருந்து ஒரு காலிப் புட்டியைக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தார். லேபிள் கிழியாமல் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீ அதைக் காட்டுவாயாம். என் ஃப்ரெண்டு பண்ணது என்று சொல்வாயாம். தீர்ந்த பிறகும் தூக்கிப் போடவிட மாட்டாயாம்.

அவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போஸ்டர்ல இருக்கிற எழுத்தும் இதுவும் ஒண்ணா இருக்குதுங்களே" என்றார்.

"ரெண்டும் அவளோட எழுத்துண்ணா. இந்த லேபிள நான் வரையல. அவ வரைஞ்சது. என்னுதுன்னு சொல்லித்தான் நான் வேலைக்குச் சேந்தேன். அவகிட்ட, யாரும் ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் லேபிளின் மேல் கட்டைவிரலை வைத்து அந்த எழுத்துகளை ஒருமுறை தடவினார்.

"இத அவ இருக்கும்போது சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து உன் மகள் அப்பா என்று கூப்பிட்டாள். எழுந்து போனார். திரும்பி வந்து டீ குடிக்கச் சொன்னார், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார், வாசல் வரை வந்து போயிட்டு வாங்க என்றார். விட்ட பேச்சை எடுக்கவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

இரண்டு வருடமாக அந்தப் பேச்சை நானே முடித்துப் பார்க்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது, அவர் குரலிலேயே. அவளும் சென்னைக்குப் போயிருப்பா. எனக்கு அவ பொண்டாட்டியா வந்திருக்க மாட்டா. இன்னிக்கு உசுரோட இருந்திருப்பா. எதைப் போட்டாலும் அவர் முகத்தோடு பொருந்தவில்லை. அந்த முகத்தில் குற்றம் சொல்லும் குறியே இல்லை.

அதைக் கேட்டு அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்றுதான் அவர் சொல்ல வந்திருப்பார் என்று சில நாட்கள் தோன்றுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.