சுவர் பதினான்கு, மரம் ஆறு, மனிதர் மூன்று

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே அப்படியே இருக்கவேண்டும் என்று இன்று காலைப் பிரார்த்தனையிலேயே கேட்டு வைத்துவிட்டேன், அதனால் நலமா என்று தனியாகக் கேட்கவில்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு உன் அம்மா கார் ஓட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஐம்பத்தொன்பது வயதில். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். நம்பாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துக்கொள், நான் காத்திருக்கிறேன்.

போன மாதம் போனில் கேட்டாயே, பேரன் வீடியோ கேம் கேட்டு உயிரை எடுக்கிறான், மாப்பிள்ளை வாங்கலாம் என்கிறார், எனக்கு மனசே இல்லை, அது நல்லதா கெட்டதா ஒரே வார்த்தையில் சொல்லும்மா என்று. நான் சிரித்துவிட்டு எழுதுகிறேன் என்றதற்கு நீ கோபித்துக்கொண்டாய். அந்தக் கேள்விக்கும் இந்த லைசென்ஸுக்கும் சம்பந்தம் இருக்கிறது, அதனால்தான் சிரித்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொன்ன இரண்டு பொய்களை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பொய் அப்பாவைப் பற்றியது. கண் சரியில்லை, அதனால் கார் எடுப்பதில்லை என்று சொன்னோம் இல்லையா, கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் டயாலிசிஸ் முடித்துத் தானே ஓட்டிக்கொண்டு வரும்போது தலை சுற்றி, கார் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் முட்டிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கம்பம்கூட நிமிர்ந்துதான் நின்றது, உன் அப்பாதான் ஒடிந்துபோனார். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டி ஒரு கீறல் விழாத மனுஷர். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதைவிட, அங்கே நின்றவர்களில் ஒருத்தர் குடித்திருக்கிறாரா என்று கேட்டதுதான் அவரைத் தின்றது.

அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் இரண்டு பஸ் மாறிப் போனோம். போகும்போது பரவாயில்லை, ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்துத் திரும்பும்போது அவருக்கு நிற்கக்கூட முடியாது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அன்றைக்கு நம் நேரத்தைப் பொறுத்தது. நீ சொன்னாயே என்று வாடகைக் காரும் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது நாள் வழியில் வாந்தி எடுத்துவிட்டார், அந்த டிரைவர் ஓரமாக நிறுத்தி இறங்கச் சொல்லிவிட்டான். நடுரோட்டில் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன் பாப்பா. அதிலிருந்து வாடகைக் காரில் ஏறமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பிறகு ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேன் என்று ஆரம்பித்தார். இரண்டு தடவை விட்டுவிட்டார், கால் வீங்கி, இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. "போதும்மா. லோடு இறக்கியாச்சு" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுநாள் காலை நானே டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, நான் லைசென்ஸ் வாங்கும் வரைக்கும் பஸ்ஸில் வாருங்கள், அப்புறம் உங்களை நான் கூட்டிப்போகிறேன் என்றேன். அதற்கு அவர், சரி, அந்தக் கூத்தையும் பார்த்துவிட்டே போகிறேன் என்றார். அது போதும் என்று பிடித்துக்கொண்டேன்.

கற்றுக்கொடுக்க வந்தவனுக்கு நான் வைத்த பெயர் பிரேக் தம்பி. அவன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், என் காலுக்கு வேலையே வைக்காமல் அவனே மிதித்துக்கொண்டிருப்பான். எதிரில் பஸ் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். நாலு வகுப்பு முடிந்ததும் அவனே பாவம், அக்கா, உங்களுக்கு ஓட்ட வராம இல்ல, பயம்தான் வருது என்றான். அப்பாவைக் கற்றுக்கொடுக்கச் சொன்னால் நம் காரில் வீட்டு வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிடுவார், தெருவே வேடிக்கை பார்க்கும். அப்போதுதான் எனக்கு உன் வீடியோ கேம் ஸ்டியரிங் ஞாபகம் வந்தது. இதுதான் இரண்டாவது பொய். நீ பரீட்சைக்குப் படிக்காமல் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறாய் என்று, உன் கேம் பெட்டியையும் ஸ்டியரிங்கையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று சொன்னேனே, போடவில்லை. இருபது வருஷமாக இரும்புப் பெட்டியில் கம்பளிகளுக்கு அடியில் இருந்தது. நீ பதினொரு நாள் என்னோடு பேசவில்லை, பன்னிரண்டாவது நாள் சாப்பாடு போடு என்றாய். கடவுளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உன்னிடம் இன்றுதான் கேட்கிறேன். எடுத்து வைத்தது தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன், ஆனால் பொய் சொன்னது தப்பு.

டிவி ரிப்பேர்காரர் ஒரு ஒயரை மாற்றிக்கொடுத்து, பேரன் வரானா என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். ஸ்டியரிங்கைச் சாப்பாட்டு மேஜையில் மாட்டி, பெடல் வழுக்காமல் இருக்கக் கீழே கோணி போட்டு, பிரார்த்தனை செய்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குத்தான் எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி என்று உனக்குத் தெரியுமே, ஒரு நோட்டுப் போட்டேன். முதல் நாள் கணக்கு, சுவர் பதினான்கு, மரம் ஆறு, மனிதர் மூன்று. பொம்மைதான் என்று தெரிந்தாலும் மனிதர் மூன்று என்று என் கையாலேயே எழுதிய பிறகு சும்மா உட்கார முடியவில்லை. எழுந்துபோய் அந்த மூன்று பேருக்காகவும் தனித்தனியாக வேண்டிக்கொண்டேன். பெயர் தெரியாததால் தொப்பிக்காரர், சிவப்புப் பை வைத்திருந்த அம்மா, நாயோடு போனவர் என்று அடையாளம் சொல்லி வேண்டினேன். இரண்டாவது வாரத்தில் வேண்டுதலுக்கே அரை மணி நேரம் ஆயிற்று, அதற்குப் பயந்தே மெதுவாக ஓட்ட ஆரம்பித்தேன்.

இந்தச் சத்தத்தில் அப்பா படுக்கையிலிருந்து எழுந்து வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். "ரோடு உங்கப்பன் வீட்டுதா, நடுவுல போற?" என்றார். கம்பத்தில் முட்டின நாளிலிருந்து அவர் வாயில் வந்த முதல் கிண்டல், திட்டு வாங்கிய சந்தோஷத்தில் இன்னொரு மரத்தில் மோதினேன். மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கேமில் இவள் கண்ணாடியே பார்ப்பதில்லை, இப்படியே பழகினால் ரோட்டில் செத்தோம் என்று, தன்னுடைய ஷேவிங் கண்ணாடியை டிவிக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினார். என் பின்னால் நின்றுகொண்டு ஒரு துண்டைத் தூக்குவார், இறக்குவார். நான் ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்து, துண்டு மேலே, துண்டு கீழே என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். சொல்லாவிட்டால் துண்டால் தோளில் ஒரு தட்டு. காரில் கத்துகிற மனுஷர் இங்கே ஒரு தடவைகூடக் கத்தவில்லை, மோதினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாதே. ஆயிரம் தடவை தப்புச் செய்ய இடம் கொடுக்கிற வாத்தியார் எனக்கு இந்த வயதில்தான் கிடைத்தார். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தோடு நின்றுபோனது, அப்புறம் கற்றதெல்லாம் நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றதுதான், அதனால் இதன் அருமை எனக்குத் தெரிகிறது. எதிரில் பஸ் வந்தால் கண் மூடுவது நின்றுபோனது. பிரேக் தம்பி காலை மடக்கி உட்கார ஆரம்பித்தான்.

கெட்டதையும் மறைக்க மாட்டேன். ஐந்தாவது பாதை என்று ஒன்று வரும், கடலோரம், அதை முடிக்கவேண்டும் என்று ஒரு வெறி. ஒரு நாள் சாயங்காலப் பிரார்த்தனை ஒன்றேகால் மணி நேரம் தள்ளிப்போனது, பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாசனை வந்து அப்பாதான் ஓடிப்போய் மூடினார். இதோ ஐந்தே நிமிஷம் என்று நான் சொன்னதாக அவர் சொல்கிறார், அப்படியே உன் குரலாம். அன்றிலிருந்து அலாரம் வைத்துத்தான் உட்காருவேன். இன்னொரு கெடுதல் தெரியாமலே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது, அது முதல் பரீட்சையில் வெளியே வந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னார்கள். பாதியில் டொக் என்று ஒரு கம்பத்தில் இடித்தேன். இடித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா, ஸ்டியரிங்கை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வண்டி தன்பாட்டுக்குப் பின்னால் போகிறது. பரிசோதனை செய்கிற அதிகாரி அம்மா பிரேக்கை மிதித்து, ஏன் கையை எடுத்தீங்க என்று கேட்டார். மறுபடி முதலிலிருந்து வரும் என்று காத்திருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். கேமில் இடித்தால் அப்படித்தானே, திரை இருட்டாகும், வண்டி புதுசாக வந்து நிற்கும். அவர் பேனாவை மூடிவிட்டார். வீட்டில் அப்பா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் கம்பத்துக்குப் பதில் ஒரு மனிதர் நின்றிருந்தால், அவரும் முதலிலிருந்து வருவார் என்றுதானே உட்கார்ந்திருப்பேன். அதிலிருந்து கேமில் ஏதாவது ஒன்றில் பட்டால் அன்றைக்கு அதோடு அணைத்துவிடுவது, மறுநாள்தான் தொடுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் ஒவ்வொரு நாளும் மூன்றே நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது.

இரண்டாவது பரீட்சையில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டுவிட்டது. கேமில் மேடு உண்டு, உருளுவது கிடையாது. பழகுநர் லைசென்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது, மூன்றாவதிலும் தோற்றால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி மனு எழுதிக்கொடுக்க முடியும். அன்று அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆறு மாசமெல்லாம் பஸ்ஸுல என்னால ஆகாதும்மா. இது ஆகலைன்னா என்னை விட்டுடு, சரியா" என்றார். எழுந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். கடைசிப் பதினேழு நாள், சுவர் பூஜ்யம், மரம் பூஜ்யம், மனிதர் பூஜ்யம். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, கார் சாவியைக் கொண்டு வா, மேட்டில் எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன் என்றார். முட்டினதிலிருந்து அந்த வண்டிப் பக்கமே போகாதவர். நாலு நாள் கத்தாமல் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை அதே அதிகாரி அம்மா. என்னைப் பார்த்ததும், இன்னைக்குக் கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும் என்றார். கம்பம் முடிந்தது, மேடு முடிந்தது, ரோட்டுக்கு எடுத்தேன். மருந்துக் கடை தாண்டி ஓரத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து ஒருத்தர், முகம் தெரியாத உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு, ரோட்டில் இறங்கிவிட்டார். நான் யோசிக்கவில்லை பாப்பா, யோசிக்க நேரமும் இல்லை, என் கால் முன்னாலேயே போய் மிதித்துவிட்டது. கேமில் இப்படி வேனுக்குப் பின்னாலிருந்து வந்தவர்களில் எத்தனை பேரை மோதி எத்தனை வேண்டுதல் செய்திருப்பேன், அத்தனையும் அந்தக் காலில் இருந்தது. கண்ணாடியையும் பார்த்தேன், பின்னால் வந்த ஸ்கூட்டர் தள்ளியே நின்றது. அட்டைப்பெட்டிக்காரருக்கும் என் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அவர் பாட்டுக்குக் கடந்து போனார், அங்கே ஒரு கார் நின்றதே அவருக்குத் தெரியாது. அதிகாரி அம்மாவின் கால் அவர் பக்கத்துப் பிரேக்குக்குப் பாதி வழியில் இருந்தது, நான் பார்த்தேன். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். "பாதி ரோட்டுல, பாதி வீட்டு டிவியில" என்றேன். இந்தத் தடவை பேனாவை மூடவில்லை, கையெழுத்துப் போட்டார். வெளியே பிரேக் தம்பி கைதட்டினான், நான் அவன் முன்னால் அழக்கூடாது என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே உன் கேள்விக்கு ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. வாங்கிக் கொடு, ஆனால் கதவைச் சாத்தி அவனைத் தனியாக விட்டுவிடாதே. அப்பா துண்டோடு நின்ற மாதிரி நீங்கள் யாராவது ஒருத்தர் பின்னால் நில்லுங்கள், சும்மா காவலுக்கு இல்லை, நீயும் ஆடு, தோற்றுப்போ. ஐந்து நிமிஷம் என்று அவன் சொன்னால் நம்பாதே, அதைச் சொல்கிறவர்களுக்கே அது பொய் என்று தெரியாது. யாரையாவது மோதினால் பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, யாரை மோதினாய், எப்படி இருந்தார் என்று கேள். நேரத்தைக் கெடுக்கிறது, கண்ணைக் கெடுக்கிறது என்று ஊரே சொல்வது நிஜம்தான். எனக்கு அது பயத்தை எடுத்தது, அப்பாவை எழுப்பியது, இதுவும் நிஜம். மாப்பிள்ளை ஜெயித்துவிட்டதாக ஆட்டம் போட்டால், பாதிதான் ஜெயித்தீர்கள் என்று அத்தை எழுதியிருக்கிறாள் என்று சொல்.

நேற்று வியாழக்கிழமை, முதல் தடவையாக நானே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போகும் வழி முழுக்க அவர் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார், இருபத்திரண்டு கிலோமீட்டரும் மிதித்தார். நாலு மணி நேரம் வெளியே காத்திருந்தேன். முடிந்து வரும்போது பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார், என்னைப் பார்த்தார், சுற்றிக்கொண்டு வந்து அந்தப் பக்கம் ஏறினார். முதல் சிக்னலில், இடது பக்கம் ஆள் வரான் பார் என்றார். இரண்டாவது சிக்னலில் சீட்டில் சாய்ந்துகொண்டார். மூன்றாவதில் திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் இவர் கண் அசந்து நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. நம் தெரு வந்தது. நிறுத்தினால் எழுந்துவிடுவாரே என்று வீட்டைத் தாண்டிப் போனேன், தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பி வந்தேன், இன்னும் தூங்கினார், மறுபடி தாண்டினேன். மூன்றாவது சுற்றில் கண்ணைத் திறக்காமலே, "வீடு போயிடுச்சும்மா" என்றார். தெரியும், நீங்கள் தூங்குங்கள், நான் ஓட்டுகிறேன் என்றேன். ம் என்றார்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும், பேரன் கேட்டதும் கேட்காததும் அவனுக்குக் கிடைக்கவேண்டும், கடவுள் உங்கள் வாசலைப் பார்த்துக்கொள்ளட்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, போனில் உன் குரல் சோர்வாக இருந்தது. ஸ்டியரிங் இருக்கிறதே, பேரனுக்கு அனுப்பி வை என்று கேட்டுவிடாதே, புதுசு வாங்கிக் கொடு. ஏழாவது பாதையில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் ஒரு வளைவு பாக்கி இருக்கிறது.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா
(அப்பா துண்டோடு பின்னால் நின்று படித்துவிட்டார், எல்லாம் சரியாம்.)