கோப்பிக்கு நோய், பள்ளிக்குக் கூட்டம்

1880 மே 10
இன்று வந்தவர்கள் ஏழு பேர். சில்லறைக்கடை தாஸிமின் பிள்ளைகள் மூவர், ஊர்த் தலைவர் ஆராச்சியின் வீட்டார் மூவர். மேல்வகுப்பில் ஒருவன்தான்: கறுப்பையா கங்காணியின் மகன். வகுப்பில் முதலாமிடமும் கடைசியிடமும் அவனுக்கே. வத்தேகம அரசாங்கப் பாடசாலை என்ற பலகை பள்ளியைவிட நீளம். இதை மூடிவிட்டு என்னைக் கண்டிப் பட்டணத்துக்கு மாற்றினால் ஆண்டவனுக்கு என்ன நட்டம்?

மே 21
பரிசோதகர் துரை வந்தார். வருஷ முடிவுக்குள் இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் மூடுவாராம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “எனக்கு எங்கே மாற்றம், சேர்?” என்றேன்.
“மாற்றமா? பள்ளி இல்லையென்றால் வாத்தியார் எதற்கு?”
அந்த நிமிஷமே எனக்குக் கல்வியில் பெரும் பற்று உண்டாயிற்று.

மே 23
கோப்பித் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். “எல்லாரும் படிச்சா புல்லு வெட்டுறது யாரு வாத்தியாரே?” என்றார் கறுப்பையா. தன் மகனை மட்டும் படிக்க அனுப்புகிற தர்மவான்.
மூக்காயி என்ற கூலிப்பெண், “மழை நாள்ல வேல இருக்காது, அப்ப அனுப்புறேங்க” என்றாள். பக்கத்தில் நின்ற அவள் மகள் நல்லம்மா, “பொம்பளப் புள்ளயச் சேப்பீங்களா?” என்று கேட்டாள். இருக்கிற நிலைமையில் மாட்டையும் சேர்ப்பேன். “ஓம், சேர்ப்பேன்” என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 14
மழை. பள்ளி நிறைந்தது. கூரையும் ஒழுகியது.

அக்டோபர் 4
கோப்பி இலைக்கு அடியில் மஞ்சளாய்த் தூள், இலைநோய். மரத்தில் பழமில்லை, ஆளுக்கு வேலையில்லை. பள்ளியில் உட்கார இடமில்லை. நல்லம்மா எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். கங்காணி மகனைத் திருத்தவும் செய்கிறாள். என் பெருமைக்கு அளவில்லை — ஏதோ நோயை நானே கொண்டுவந்து பரப்பினதுபோல.

அக்டோபர் 19
வாசிச்சுக்கொண்டு நிண்ட நல்லம்மா அப்பிடியே சரிஞ்சு விழுந்திட்டாள். நேற்று முழுக்கச் சாப்பிடேல்லையாம். நான் அதட்டினனே, “சத்தமாய் வாசி” எண்டு... என்ன மனுசன் நான்?

அக்டோபர் 20
தாஸிம் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். “மாஸ்டர், முதல்ல கஞ்சி, பொறகு பாடம்” என்றார். உபாத்தியாயர் பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நவம்பர் 12
பரிசோதகர் பிள்ளைகளை எண்ணிப் பூரித்துப்போனார். “இத்தனை பேரை எப்படிச் சேர்த்தீர்?”
“பட்டினி, சேர்.”
நல்ல பகிடி என்று சிரித்தார். தை மாதம் கண்டியில் பெரிய பள்ளிக்கு உதவி ஆசிரியராம் நான்.

டிசம்பர் 9
கோப்பித் தோட்டத்துச் சொந்தக்காரத் துரை அதைக் கைவிட்டுப் போய்விட்டார். லயத்துச் சனம் மூட்டை முடிச்சோடு ஹேவாஹெட்டப் பக்கம் நடக்கிறது. அங்கே காய்ச்சல் மருந்துக்குச் சிங்கோனா மரமும் தேயிலையும் நடுகிறார்களாம். “அங்க பள்ளிக்கூடம் இருக்குமா சார்?” என்று நல்லம்மா கேட்டாள். இருக்கும் என்றேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.

1881 பெப்ரவரி 2, ஹேவாஹெட்ட
பள்ளி நடத்த, பழைய கோப்பிக் களஞ்சியம் ஒன்றை இந்தத் தோட்டத்தார் தந்திருக்கிறார்கள். பலகை இல்லை, உட்காரக் கதிரை இல்லை. எலி உண்டு. “கண்டியில பெரிய உத்தியோகமாமே, அத விட்டுட்டு ஏன் இங்க வந்தீங்க?” என்று மூக்காயி கேட்டாள். நல்லம்மாவோடு சேர்ந்து கஞ்சி அடுப்புக்குக் கல் பொறுக்கப் போய்விட்டேன்.