நான் எரித்த மலாக்காக் கோட்டை

அன்பு அண்ணா சவரிமுத்து,

ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலையில், காய்ச்சலில் நீ போய்விட்டதாகச் சேதி வந்து இரண்டு மாதம் ஆகிறது. அழுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் நோட்டை நான் எரித்துவிட்டேன்.

தேயிலை லோரியோடு மலாக்கா போகும்போதெல்லாம் போர்த்துக்கீசியர் காலத்துக் கட்டடங்களை அளந்து நீ வரைந்த நோட்டு. வெள்ளைக்காரன் வெடிவைத்துத் தகர்த்தது போக நிற்கும் ஒற்றைக் கோட்டை வாசல், குன்றின்மேல் கூரையில்லாத மாதா கோவில், இடித்த கற்கள் போய்க் கிடக்கும் வீட்டு அடித்தளங்கள். நான் கேலி செய்வேன்.

"நம்ம லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது. நீ பறங்கி கட்டுன சுவத்த அளக்குறே."

"பறங்கி எங்கடா கட்டுனான்? கல்லு சுமந்தவன் எவன்னு தேடுறேன் லா."

ஈரம் படாமலிருக்க அதை ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டியில் வைத்திருந்தேன். போன வாரம் கீழே ரிங்லெட் ஊரிலிருந்து ஜப்பான்காரன் மலையேறி வருகிறான், பெட்டிகளைப் பிரிக்கிறான் என்றார்கள். உன் நோட்டிலோ கோட்டைப் படம், அளவுகள், இங்கிலீஷ் எழுத்து; பார்த்தால் உளவாளி என்பான். மேலே பிரிஞ்சாங் ஊரில் ஒரு வரைபடத்துக்காக அவர்கள் இழுத்துப்போன கடைக்காரர் இன்னும் திரும்பவில்லை. அம்மாவுக்கு நான் ஒருவன்தான் மிச்சம். ஓடிப்போய் நோட்டை எடுத்து, தேயிலை காயவைக்கும் அடுப்பில் போட்டேன்.

வந்தார்கள். பெட்டிகளிலிருந்து ஈயத்தாளை மட்டும் உரித்து லோரியில் ஏற்றினார்கள். உள்ளே கிடந்த பழைய இங்கிலீஷ் காகிதங்களைத் தரையில் வீசி, மிதித்துக்கொண்டே நடந்தார்கள். ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அடுப்பைக் கிளறி, கருகிய நோட்டு அட்டையைக் கண்டு என்னைப் பார்த்தார்.

"ஈயத்துக்குத்தானேடா வந்தானுங்க. அண்ணன் நோட்ட எதுக்கு எரிச்சே?"

"பயந்துட்டேன் ஐயா."

"வெள்ளக்காரத் தொரை ஓடுனப்போ நம்மளக் கூப்பிட்டானா? அவனவன் உசிரு அவனவனுக்கு. போய் வேலயப் பாரு."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. கல் சுமந்தவன் பேரை அன்றைக்கு எவனும் எழுதவில்லை. சயாமில் உன்னைப் புதைத்தவன் உன் பேரை எழுதியிருப்பானா?

உன் அளவுக் கயிறு இருக்கிறது, முழத்துக்கு ஒரு முடிச்சோடு. மரவள்ளிக் கட்டு கட்ட அம்மா கேட்டாள், கொடுக்கவில்லை. நேற்று என் கையை வைத்துப் பார்த்தேன். உன் முழத்துக்கு என் முழம் இரண்டு விரல் குட்டை.

சண்டை முடிந்ததும் மலாக்கா போவேன். அந்த வாசலை உன் முடிச்சால்தான் அளப்பேன். புது நோட்டின் முதல் பக்கத்தில், கல் சுமந்தவர்களுக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே உன் பேரை எழுதுவேன்.

உன் கயிற்றை இடுப்பில் கட்டியிருக்கும்
தம்பி அருளப்பன்