பத்து எண்ணும் வரை

நம் பேத்தியின் தாத்தா அவர்களுக்கு,

வணக்கத்துடன் உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இந்த ஸ்டூடியோவில், அந்தக் காலத்துப் பெயர்பெற்ற நாகரிக உடைப் படங்களை அதே மாதிரிப் பெட்டிக் கேமராவில் மறுபடி எடுக்கிறார்கள். கவுனுக்கு ஊசி குத்தி மடிப்பு நிறுத்துவது நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வைத்த மடிப்பை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

முந்தாநாள் மாடல் பெண் வரவில்லை. படம் எடுப்பவர் கவுனை எனக்கு மாட்டிவிட்டு, "வெளிச்சம் பாக்கணும்மா. பத்து எண்ணுற வரைக்கும் அசையாதீங்க, அசைஞ்ச இடம் படத்துல கலைஞ்சிடும்" என்றார்.

"சிலையாட்டம் நிப்பேன், நீ எண்ணுப்பா!"

கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தால், முகமும் கவுனும் செதுக்கியதுபோல் இருந்தன. வலது கை மட்டும் புகையாய்க் கலைந்திருந்தது.

"கை எப்பவும் இப்படியாம்மா?"

"குளிருப்பா."

அவர் சிரிக்கவில்லை. என் ஊசிப் பெட்டியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை டாக்டர் பார்த்த பிறகுதான் நான் வேலையில் இருப்பதா, ஊர் திரும்புவதா என்று சொல்வாராம்.

கவலை வேண்டாம். பாட்டி கவுன் போட்டாள் என்று மட்டும் பேத்தியிடம் சொல்லுங்கள், சிரிப்பாள். கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள்.

தபால்காரர் வரும் நேரம். என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நீங்கள்தானே? அவளுக்கு முதலில் நடுங்கியது எந்தக் கை? உடனே எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி