சுர்மா மீசை

786

பாபநாசம்
14.3.1981

அன்பு மகன் யூனுஸுக்கு அத்தா எழுதும் சலாமும் துஆவும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த வெயில் ஊரில் உன்னையும் அவன் அப்படியே வைத்திருக்கட்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அக்கா சஃபியாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம், காது மட்டும் உன்னைப் போலவே விடைத்துக்கொண்டு நிற்கிறது என்று உன் அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். தாளடி அறுப்பு முடிந்து ரோடு முழுக்க வைக்கோல் காய்கிறது, பஸ்காரன் அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போகிறான். கூலித் தகராறு இந்த வருஷமும் வந்து, தாசில்தார் முன்னால் உட்கார்ந்து பேசி ஒரு வழியான பிறகுதான் அறுக்க அரிவாளை எடுத்தார்கள்.

கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்கு அக்ரிமெண்ட் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும் என்று எழுதியிருந்தாய். "ஊரில் எனக்கென்ன இருக்கிறது, போட்டுவிடுகிறேன்" என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை, அதற்கு முன்னாலேயே மடித்துவிட்டேன். உன்னை அப்படி எழுத வைத்தவன் நான்தான் தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருதையனின் பாட்டுக்குழு கலைந்துபோய்விட்டது, பையன்கள் எல்லோரும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று நீ போன புதிதில், இரண்டு வருஷம் முன்பு நான் எழுதியது பொய். அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், அதே புல்புல் தாராவும் டோலக்கும் வைத்துக்கொண்டு தாங்களே கட்டிய பாட்டுகளைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மருதையன் உன் விலாசம் கேட்டு மூன்று தடவை கடைக்கு வந்தான். யூனுஸே கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவர்களைப் பற்றி நீ கேட்டுக்கொண்டிருந்தாய், அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாய். நீ மறந்துவிட்டாய் என்று நிம்மதியாகக்கூட இருந்தேன், என்ன மனுஷன் நான்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். நீ ஊரில் இருந்தபோது, மிராசுதார் வீட்டுக் களத்தில் கூலி நெல் அளக்கும் மரக்கால் எப்படிச் சின்னதாகிறது என்று அவர்கள் பாடிய பாட்டு ஊரெல்லாம் பரவிய நேரம் அது. நம் கடை இருப்பதோ அந்த மிராசுதார் கட்டடத்தில். அவருடைய ஏஜெண்ட் ஒரு நாள் சாமான் வாங்க வருகிறவர் போல வந்து, "உங்க பையன் அந்தத் தெருப் பசங்க பாடுறப்ப முன்னாடி நின்னு கை தட்டுறானாமே பாய், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.  அந்தப் பாட்டுக்காகப் போலீஸ் கேஸ் போட்ட பிறகு பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அவர்களுடைய விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் கச்சேரிக்கு விடுவதில்லை, மருதையனும் உன்னை அத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று தாராசுரம் கச்சேரியிலிருந்து சைக்கிளோடு திருப்பி அனுப்பினான் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பொறுப்பாக இருந்தது அவன்தான். நீ என்னிடம் வந்து கேட்டிருந்தால் விட்டிருப்பேனா, மாட்டேன். அது தெரிந்துதானே உன் அம்மா கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குழைத்து மீசை வரைந்துகொண்டு போய்ப் பதினெட்டு என்று சொல்லி உள்ளே நுழைந்தாய். வியர்வையில் அது வாய்வரை வழிந்த கோலத்தில் நீ வீட்டுக்கு வந்தபோது பெல்ட்டால் அடித்தேன். பொய் வயது சொல்வதற்கா உன்னை வளர்த்தேன் என்று கேட்டு அடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டே மாதம். கும்பகோணம் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உன்னை உட்கார வைத்து, உன் முகவாயைப் பிடித்துக்கொண்டு அதே சுர்மாவால் மீசை வரைந்தது யார்? பதினாறு வயதுப் பிள்ளையை இருபது என்று எழுதி விமானம் ஏற்றியது யார்?  மூச்சுவிட்டால் கலைந்துவிடும் என்பது போல ஆடாமல் இருந்தாய். குடும்பம் தலையெடுக்க வேண்டும் என்று ஊரில் சொன்னேன், உன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். உண்மையில் அந்த ஏஜெண்டுக்குப் பயந்துதான் அனுப்பினேன். கடையை வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பிவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு வரும்போது சந்தைத் திடலில் அவர்கள் பாட்டுச் சத்தம் கேட்டது. கால் தானாக அங்கே போனது. எனக்குப் பாட்டு என்ன தெரியும், ஓரமாகத்தான் நின்றேன். மரக்கால் பாட்டு வந்ததும் எனக்கு முன்னால் நின்ற பொம்பளைகள் அறுப்புக் களைப்பையெல்லாம் மறந்து சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. இதற்காகவா இத்தனை பயந்தோம் என்று தோன்றியது. முடிந்ததும் மருதையன் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "யூனுஸ் நல்லா இருக்கானா பாய்? அவனுக்கு எங்க மேல ஏதும் கோவங்களா? நாங்க அன்னிக்கு வெளிய நிறுத்துனத மனசுல வச்சிக்கிட்டானா?" என்று கேட்டான். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை தன் பேரில் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.  அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் உன் விலாசத்தை மட்டும் எழுதித் தரச் சொன்னான், எழுதிக் கொடுத்தேன்.

வா என்று சொல்ல எனக்கு வாயில்லை, இரு என்று சொல்லவும் மாட்டேன். ஒரு தடவை உனக்காக நான் முடிவு செய்தது போதும். ஊரில் ஒன்றுமில்லை என்று நினைத்து மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே. இதுவரை எழுதியதை இன்று முழுவதுமாக உன் அம்மாவுக்கு வாசித்தேன். எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னிக்கே தபால்ல சேத்துடுங்க, நாளைக்கி ஒங்க மனசு மாறிடும்" என்றாள். அதனால் கும்பகோணத்துக்கே போய்ச் சேர்த்துவிட்டு வரப்போகிறேன். வெயிலில் தலைத்துண்டு இல்லாமல் வேலை செய்யாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தருவானாக. மருதையன் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. முதலில் அவனுக்கு எழுது. எனக்கு, உனக்கு மனசு வரும்போது எழுதினால் போதும்.

வஸ்ஸலாம்.

உன் அத்தா,
ஜெகபர் அலி