சும்மா காம்பரா

மேல் டிவிசன்,
மஸ்கெலியா.
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் விஜிதரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி தர்ஷனும், மாடும் கன்றும்கூட, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் சுகம் அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம், கேட்டால் நீ உண்மையைச் சொன்னால்தானே. போன் இருக்கும்போது அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் லைன் விட்டுவிடும், லைன் இருந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் சரிம்மா போட முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும். உங்கள் ருமேனியாவுக்கே வேலைக்கு வருகிற ஹட்டன்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே தேயிலையும் இடித்த மிளகாய்த்தூளும் நெத்திலிக் கருவாடும் இருக்கும். கருவாட்டை அங்கே பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, பக்கத்து அறை வெள்ளைக்காரர் பொலிசுக்குச் சொல்லிவிடப்போகிறார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, எண்ணெய் தேய்த்தால் குறைகிறது, தேய்த்துவிடுகிறவளுக்குத்தான் கை வலி. மாடு கன்று போட்டதிலிருந்து அவர் அதனோடு பேசுகிற பேச்சில் கால்வாசி என்னோடு பேசியிருந்தால் நான் எப்போதோ குளிர்ந்துபோயிருப்பேன். சிவனொளிபாதமலை சீசன் நடப்பதால் ஹட்டனிலிருந்து வருகிற பஸ்ஸெல்லாம் நல்லதண்ணிக்குப் போகிற சனம்தான், நமக்கு ஒற்றைக் கால் வைக்க இடமில்லை. காலையில் குளிர் எலும்பைக் கடிக்கிறது, உன் குளிருக்கு இது கால்தூசி என்று தர்ஷன் சொல்கிறான். இருமல் போய்விட்டதா, இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தாயா, அதற்கும் சரிம்மாதானா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்மேல் ஒரு வழக்கு இருக்கிறது. பழைய ஸ்டோர் இருந்த இடத்தை முழுக்கக் கிரவுண்டாகப் போடச் சொல் என்று நீ தம்பியிடம் சொன்னாயாமே. அந்த இடத்தை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. கொழுந்து அரைத்த ஸ்டோரை மூடித் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போன பிறகு அது குப்பைமேடாகக் கிடந்ததும், பந்து தேடி மானாப்புல்லுக்குள் போய் நீ போத்தல் ஓட்டில் பாதத்தைக் கிழித்துக்கொண்டதும் மறந்திருக்காது, தழும்பு இன்னும் இருக்கும். பிரதேச சபைக்காரர்கள் அந்த நிலத்தைத் தோட்டத்திடமிருந்து எடுத்து, குப்பையெல்லாம் அள்ளி, மண் சரியாமல் படிப்படியாகக் கல் அடுக்கி, வெட்டிவேர் நட்டார்கள். இரண்டு மழையைத் தாங்கி மண் பிடித்துக்கொண்டது. கறுப்பாக ஓடின ஊற்று இப்போது கண்ணாடியாக ஓடுகிறது. மேல்படியில் நின்றால் டேம் தண்ணீர் முழுதும் தெரிகிறது, வெயிலும் முதலில் அங்கேதான் விழுகிறது. அந்த இடத்தில்தான் தோட்டத்துச் சனங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஓய்வு நிலையம் ஒன்று கட்டப்போகிறார்கள். எங்கே எது வரவேண்டும் என்று சனங்களையே கேட்டுத்தான் பிளான் போடுவோம் என்று ஹட்டனிலிருந்து சுலக்ஷனா என்று ஒரு மிஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நல்ல பிள்ளை, நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம்தான், அவளுடைய அம்மாவும் கொழுந்தெடுக்கிறவராம்.

கூட்டத்தை அறிவிக்கிறேன் என்று நம்ம சங்கத் தலைவர் செய்த வேலையைக் கேள். கோயில் ஸ்பீக்கரில் "ஞாயித்துக்கெழம காலையில பழைய ஸ்டோரடியில பெரட்டு, எல்லாரும் தவறாம வரணும்" என்று சொல்லிவிட்டார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்று நின்று நமக்கு நாலு பேர் கூடினாலே பெரட்டு, வேறு வார்த்தை வாயில் வராதே. ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்தெடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பொம்பிளைகள் பாதிப் பேர் சேலை நனையாமல் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் கொழுந்துச் சாக்கை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா நிற்கவில்லை, பழக்கதோஷத்தில் வரிசையாக நின்றோம். நானும்தான் நின்றேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்தப் பிள்ளை பிளானைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து முழிக்கிறாள், உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தாளே அழகம்மா, அவள் முன்னால் போய் "கொழுந்தெடுக்க எந்த மலைக்குங்க மிஸ் போகணும்" என்று கேட்கிறாள். விஷயம் தெரிந்ததும் சிரித்த சிரிப்பில் எனக்குப் படங்கே அவிழ்ந்துவிட்டது.

பிறகு மிஸ் பிளானைப் புல்லில் விரித்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டினாள். இது பிள்ளைகள் விளையாட, இது வாசிகசாலை, இது பல்நோக்கு மண்டபம் என்றாள். அழகம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒரு வாரமாக வலி, கன்னம் வீங்கியிருந்தது. "பல் நோக்குற டாக்டர் என்னைக்கிங்க வருவாரு" என்று கேட்டாளே பார்க்கலாம். கல்யாணம், கூட்டம், வகுப்பு என்று பல வேலைக்கும் ஆகிற மண்டபம் அக்கா, என்று மிஸ் விளக்கிச் சொல்லியும் அவள் விடவில்லை, "அப்ப அந்தப் பல வேலையில பல்லு வேலையும் ஒண்ணா இருக்கட்டுமே" என்று ஒரே பிடி. கூட்டுறவுச் சங்கத்துக் கூப்பிரட்டிக் கடைப் போர்டிலும் அதே வார்த்தைதான் இருக்கிறது, இத்தனை வருஷமாக அங்கேயும் டாக்டரைத் தேடினாளோ என்னவோ. மிஸ் சிரித்துவிட்டு, மாதம் ஒரு தடவை டாக்டர் வந்து பார்க்கிற மாதிரி ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான், அட, நாம் சொன்னாலும் எழுதுகிறார்களே என்று எங்களுக்கு வாய் திறந்தது.

ஆம்பிளைகளுக்கு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உன் தம்பி இளைஞர் கழகத் தலைவராயிற்றே, மேல்படி முழுக்கக் கிரவுண்டு, கீழ்ப்படியில் கேரம் போர்டும் உடற்பயிற்சிச் சாமானும் என்று ஒப்பித்தான். மிஸ் எங்கள் பக்கம் திரும்பி, ஓய்வு நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வெறகு பொறுக்குவோம் என்றாள் ஒருத்தி. துணி துவைப்போம், மாட்டுக்குப் புல்லறுப்போம், கோயிலைக் கூட்டுவோம் என்று ஆளாளுக்குச் சொன்னோம். எழுதிக்கொண்டு வந்த பிள்ளை பேனாவை நிறுத்திவிட்டு, இதெல்லாம் வேலையாச்சே அக்கா என்றாள். உடனே தலைவர் ஒரு அறை கொடுத்து நல்லது செய்கிற மாதிரி, "பொம்பளைங்களுக்கு ஒரு தையல் காம்பரா போட்டுருங்க மிஸ், பிரயோசனமா இருக்கும்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "தையல் மெஷின் வேணாங்க மிஸ், மெஷின் வந்தா அதுவும் ஒரு வேலை, எங்களுக்குச் சும்மா இருக்க ஒரு காம்பரா போட்டுத் தாங்க, மேல்படியில, வெயில் விழுற பக்கமா" என்று சொல்லிவிட்டேன். தலைவர் சிரித்தார், மற்ற ஆம்பிளைகளும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூட நான் விட்டிருப்பேன். உன் தம்பி எழுந்து, "சும்மா இருக்க எதுக்கும்மா தனியா காம்பரா, அதுக்குத்தான் வீடு இருக்குல்ல, அண்ணனும் முழுக்க கிரவுண்டுதான்னு சொல்லிருச்சு" என்றான். பெற்ற பிள்ளை இரண்டும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஊர் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அந்தக் காம்பரா வேண்டும், ஆசையாக வேண்டும். கல்யாணமாகி இந்த லயத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வேலையும் கையில் இல்லாமல் நான் உட்கார்ந்த இடம் ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும்தான், அதுவும் உங்கள் இரண்டு பேரையும் பெற்றபோது. அவனைப் பார்த்து, "வீட்டுல நான் சும்மா உக்காந்து நீ எப்பயாச்சும் பாத்திருக்கியாடா" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தான். "பாத்ததில்லம்மா" என்றான். அதுவரைக்கும் கல்லில் உட்கார்ந்து புல் நுனியைக் கடித்துக்கொண்டிருந்த உன் அப்பா, மாட்டோடு மட்டும் பேசுகிற மனுஷர், "நானும் பாத்ததில்ல" என்றார். பிறகு எவரும் சிரிக்கவில்லை.

மிஸ்ஸுக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அம்மாவை நினைத்திருப்பாள். ஆனாலும் அவளுக்கு ஒரு சிக்கல், அந்தக் காம்பராவில் என்ன நடக்கும் என்று சபைக்கு எழுதவேண்டுமாம். "ஒண்ணும் நடக்காதுங்க மிஸ், அதுக்குத்தானே கேக்குறோம்" என்று அழகம்மா வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். மிஸ் மேல்படியில் ஒரு கட்டம் போட்டு அதற்குள் பென்சிலால் "சும்மா" என்று எழுதினாள். சபைக்குப் போகும்போது உளநல ஓய்வறை என்று பெரிய பெயராக வைத்துக்கொள்வாளாம், வைக்கட்டும், நமக்கு அது சும்மா காம்பராதான். வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா பிள்ளைகளுக்கு என்றால் இது எங்களுக்கு. உன் தம்பியையும் குறை சொல்லக்கூடாது, அவனேதான் போய்க் கிரவுண்டுக்கு அடித்திருந்த முளைகளைப் பிடுங்கித் தள்ளி அடித்து, கயிறு கட்டி, எங்களுக்கு இடம் விட்டான். விட்டுவிட்டுச் சட்டமும் போட்டான், அந்தப் பக்கம் சிக்ஸர் கிடையாது, காம்பராக் கூரையில் பந்து பட்டால் அடித்தவன் அவுட். பையன்கள் முணுமுணுத்தார்கள், அவன் அசையவில்லை. பிளான் பங்குனியில் சபைக்குப் போகிறது, அங்கேயும் யாராவது தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் நாங்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போவதாக இருக்கிறோம்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் எங்களுக்கு எழுந்து போக மனசில்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, நாலு முளையும் ஒரு கயிறும்தான், அதற்குள்ளே போய்ப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தோம். உட்கார்ந்தோமே ஒழிய என்ன செய்வது என்று தெரியவில்லை. பார்த்தால் என் கை பாட்டுக்குப் புல்லைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருக்கிறது. அழகம்மா என் கையில் ஓங்கி ஒன்று வைத்து, "இதுக்குத்தான் காம்பரா கேட்டியா" என்றாள். அவள் மடியிலும் ஒரு கை புல் இருந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை அடங்கிவிட்டது. டேம் பக்கமிருந்து காற்று வந்தது, முதுகில் வெயில் இதமாக இருந்தது, எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான் மகன்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நான் எப்போது போனில் கோல் எடுத்து என்ன செய்கிறாய் என்று கேட்டாலும் "சும்மாதாம்மா இருக்கேன்" என்கிறாய். பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம் என் காதைக் கிழிக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன செய்கிறாய் என்று என்னிடம் கேட்டால் நானும் அடுப்பை ஊதிக்கொண்டே அதைத்தானே சொல்வேன், இந்தப் பொய்யை நீ வேறு எங்கே போய்ப் படித்திருக்கப்போகிறாய். லீவு நாளிலும் ஓவர்டைம் செய்து அனுப்புவது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைக்காதே. உழைக்காதே என்று சொல்லவில்லை, வாரத்தில் ஒரு நாள் காலை நீட்டி உட்கார், ஜன்னலுக்கு வெளியே பனியையாவது பார்.

முருகன் உனக்குத் துணையிருப்பான், அம்மாவும் அப்பாவும் கும்பிடுகிற சாமியெல்லாம் உன் பக்கத்தில் இருக்கும், நோய்நொடி அண்டாமல் நீ நல்லா இருக்கவேண்டும். தம்பிக்கு ஒரு வார்த்தை பேசு, காம்பராவுக்கு நீயும் சம்மதம் என்று சொல், அவன் வாய் விட்டுக் கேட்கமாட்டான், ஆனால் காத்திருக்கிறான். மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் கோல் எடுப்பேன். என்ன செய்கிறாய் என்று கேட்பேன். நீ சும்மாதாம்மா இருக்கேன் என்று சொல்லவேண்டும், பின்னால் ஒரு சத்தமும் கேட்கக்கூடாது.

இப்படிக்கு,
சும்மா இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா
செ. ஜீவராணி